மூணாங்கிளாஸ் இன்ஜினியர்: ஜி.டி. நாயுடுவும் நம்ம வீட்டு மிக் மெஷினும்

இந்த முறை ஜி.டி. நாயுடு. பெயரைக் கேள்விப்படாதவங்க நம்ம கேம்பஸ்ல இருக்க மாட்டாங்க. கோயம்புத்தூர் போனவங்க அவினாசி ரோட்டு மேல ஓடுற அந்த நீளமான பாலத்தைப் பார்த்திருப்பீங்க, அதுக்கு அவர் பேருதான். ஆனா அவரைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் என்னன்னு கேட்டா, இந்தியாவின் எடிசன்னு ஒரு வரி, ஹிட்லரைப் பார்த்தார்னு ஒரு வரி. அதோட நின்னுடும்.

விருதுநகர் மாவட்டத்துல உட்கார்ந்துக்கிட்டு கோவைக்காரரைப் பத்தி எதுக்கு எழுதுறேன்னு கேட்டா, அதுக்குக் காரணம் இருக்கு. நம்மில் பாதிப் பேர் வீட்டுல ஏதோ ஒரு மெஷின் கோளாறா மூலையில கிடக்குது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கிற நாம அதைத் திறக்கப் பயப்படுறோம். மூணாம் வகுப்போட படிப்பை விட்ட ஒருத்தர் பயப்படல. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருதுன்னு பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. நடுவுல கூமாப்பட்டி நண்பன் ஒருத்தனோட வெல்டிங் மெஷினும் வரும். பொறுமையா படிங்க.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23. ஊர், கோவைக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல். விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் மேல் மண்ணை அள்ளி வீசிவிட்டு ஓடினார் என்பது கோவைப் பக்கம் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. தோட்டத்து வேலைக்கு வந்துவிட்டார்.

இதைப் படிச்சதும் நம்ம ஆளுங்க சிலர் குஷியாகிடுவீங்க. படிப்பு தேவையில்லைன்னு அவரே காட்டிட்டாரேன்னு ஸ்டேட்டஸ் போடக் கிளம்பிடாதீங்க. அவர் விட்டது பள்ளிக்கூடத்தை மட்டும்தான், கத்துக்கிறதை இல்ல. பின்னாளில் அவர் ரெண்டு தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் தொடங்கக் காரணமா இருந்தார்னு சொன்னா விஷயம் புரியும். அதுக்கு அப்புறம் வருவோம்.

ஒரு மோட்டார் சைக்கிள், மூணு வருஷச் சம்பளம்

இருபது வயதை ஒட்டி ஒரு நாள், வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காத வண்டி தானாக ஓடுவதை அந்த இளைஞர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை.

அதற்காக ஊரை விட்டுக் கோவைக்கு வந்தார். ஒரு ஓட்டலில் சர்வர் வேலை. சாப்பாடு பரிமாறி, மேஜை துடைத்து, மூன்று வருடம் காசு சேர்த்தார். சேர்த்த காசில் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் ஊரைச் சுற்றவில்லை. முழுவதையும் பிரித்துப் போட்டார். திரும்ப மாட்டினார். அதிலிருந்து மெக்கானிக் ஆனார்.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. மூணு வருஷ உழைப்பு அந்த வண்டி. தப்பா மாட்டினா கைக்காசு மொத்தமும் பழைய இரும்பு. அப்போ யூடியூப் இல்ல, சர்வீஸ் மேனுவலை வாசிக்க ஆங்கிலமும் அவ்வளவா இல்ல. எது எங்கிருந்து வந்ததோ அது அங்கேயே திரும்பப் போகணும்ங்கிற ஒழுங்கு மட்டும்தான் துணை. பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச எந்தப் பட்டறை அண்ணனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்: கழட்டுற வரிசை ஞாபகம் இருந்தா மாட்டுற வரிசை தானா வரும்.

பம்பாய் அடியும் பழனி பஸ்ஸும்

அடுத்து திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கினார். கையில் பணம் சேர்ந்தது. பம்பாய் போய்ப் பெரிய அளவில் பஞ்சு வியாபாரம் செய்யப் பார்த்தார். அங்கே சந்தையின் ஏற்ற இறக்கத்தில் நஷ்டப்பட்டுத் திரும்பினார். வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். ஆனால் அந்த அடி இல்லாமல் அடுத்த கட்டம் இல்லை. தனக்குப் பிடிபடாத சந்தையை விட்டுவிட்டு, கைக்குப் பிடிபட்ட மெஷின் பக்கம் திரும்பினார்.

கோவையில் ஆலைகளும் பள்ளியும் நடத்திய ஸ்டேன்ஸ் அவருக்குக் கைகொடுத்தார். 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். டிரைவரும் அவர்தான். ஒரு பஸ் பல பஸ்ஸானது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யூ.எம்.எஸ்., என்ற நிறுவனம் வளர்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் அவருடைய பஸ்கள் 200-ஐத் தாண்டியிருந்தன. நாட்டிலேயே ஒழுங்காக நடந்த பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று பேர் வாங்கியது.

பஸ் ஓட்டுறதுல என்ன இன்ஜினியரிங்னு கேட்காதீங்க. இத்தனை வண்டியும் நேரத்துக்குக் கிளம்பணும்னா ராத்திரியே எல்லாம் சரியா இருக்கணும். எந்த வண்டி எப்போ நிக்கும்னு முன்கூட்டியே தெரியணும். டிக்கெட் கொடுக்கவே தனியா ஒரு மெஷின் அவர் நிறுவனத்துல வந்துச்சு. பழுது பார்க்கிறதும் புதுசா செய்யுறதும் அவருக்கு ஒரே பட்டறையில நடந்த ரெண்டு வேலை.

இங்க ஒரு சின்ன இடைச்செருகல். அவர் பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணின அதே 1920-ல், அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த பி.ஓ. நோபல்ங்கிறவர் தானியங்கி வெல்டிங்கைக் கொண்டுவந்தார். கையால ராடு பிடிக்கிறதுக்குப் பதிலா, கம்பியை ஒரு மோட்டார் தொடர்ந்து தள்ளும். ஆர்க்கோட வோல்டேஜ்தான் அந்த மோட்டாரோட வேகத்தைத் தீர்மானிக்கும். தேய்ஞ்சுபோன மோட்டார் ஷாஃப்ட், கிரேன் சக்கரம் இதையெல்லாம் உலோகம் ஏத்திச் சரிபண்ண அதைப் பயன்படுத்தினாங்க. இதை மனசுல வச்சுக்கோங்க, கூமாப்பட்டிக்குப் போகும்போது தேவைப்படும்.

ரேசரும் மோட்டாரும்

1930-களில் அவர் ஐரோப்பா போனார். கேமரா அவருக்குப் பெரிய பித்து. லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம் பிடித்தார். ஜெர்மனியில் ஹிட்லரைச் சந்தித்ததும் அந்தக் காலத்தில்தான். நமக்கு அதைவிட முக்கியம் அவர் செய்த மின் ரேசர். ரசந்த் என்று பெயர். உலர்ந்த பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் உள்ளே இருக்கும். ரொம்ப மெல்லிய ஷேவிங் பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, கேமராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி, தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும்.

1937-ல் கோவை பீளமேட்டில், டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் மூலம் மின் மோட்டார் உருவானது. இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். அதுவரை மோட்டார் என்றால் கப்பலில்தான் வரவேண்டும். பழுதானால் வெளிநாட்டு உதிரிபாகத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அதை இங்கேயே செய்யலாம் என்றான பிறகு, கோவையைச் சுற்றி மோட்டார், பம்ப்செட் பட்டறைகள் பெருகின. இன்று ராஜபாளையம் மில்லில் சுற்றும் மோட்டாரையும், பிளவக்கல் அணைக்குக் கீழே தோப்புகளில் ஓடும் பம்ப்செட்டையும் பார்க்கும்போது, அந்தக் கதையின் ஒரு நுனி நம் ஊரிலும் இருப்பது தெரியும்.

கூமாப்பட்டி மெஷின்

சரி, இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ரீல்ஸ் பார்த்து எல்லாரும் தேடிப்போன அதே கூமாப்பட்டிதான். அங்கிருந்து வர்ற என் கிளாஸ்மேட் ஒருத்தன் வீட்டு உபயோகத்துக்குச் சின்ன மிக் வெல்டிங் மெஷின் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருந்தான். பழைய டிரான்ஸ்ஃபார்மர் டைப். கேட், தண்ணி டேங்க் ஸ்டாண்டு, மாட்டுக்கொட்டாய் கம்பி இதெல்லாம் ஒட்டலாம்னு ஆசை. ஆனா மெஷின் ஒழுங்கா வேலை செய்யல. டிரிக்கரை அமுக்கினா ஆர்க் பிடிக்கும், உடனே வயர் திக்கித் திக்கி வரும். ஒரு இடத்துல குவியும், அடுத்த இடத்துல ஓட்டை போடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வயர் காண்டாக்ட் டிப்போடயே உருகி ஒட்டிக்கும். கடையில போர்டு மாத்தணும்னு சொல்லிட்டாங்க. போர்டு விலை, அவன் மெஷினுக்குக் கொடுத்ததுல பாதி.

போர்டு மாத்துறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் புரியணும். மிக் மெஷின்ல வயரோட வேகம்தான் ஆம்பியரைத் தீர்மானிக்குது. 0.8 மில்லிமீட்டர் வயர் நிமிஷத்துக்கு 5 மீட்டர் போனா சுமார் 100 ஆம்பியர். அப்படின்னா ஒரு செகண்டுக்கு 83 மில்லிமீட்டர். அந்த வேகம் பாதியாக் குறைஞ்சு 0.2 செகண்ட் நீடிச்சா, வரவேண்டிய வயர்ல 8 மில்லிமீட்டர் வராது. டிப்புக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிறதே சுமார் 10 மில்லிமீட்டர்தான். மெஷின் தானா கொஞ்சம் சரிக்கட்டும்னாலும், ஆர்க் ஏன் டிப் வரைக்கும் ஏறுதுன்னு இப்போ புரியுதா?

அதனால வயரோட பாதையை ஒவ்வொரு கட்டமா சேர்த்துச் சேர்த்துப் பார்த்தோம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருள்தான் கூடும். எந்தக் கட்டத்துல கோளாறு எட்டிப் பார்க்குதோ, குற்றவாளி அங்க இருக்கான்.

முதல்ல எச்சரிக்கை. டிரிக்கரை அமுக்கினா வயர்ல கரன்ட் இருக்கும். எர்த் கிளாம்ப் பக்கம் கொண்டு போகக் கூடாது. டார்ச்சை யார் முகத்துக்கும் நேரா காட்டக் கூடாது. மூடியைத் திறக்கிறதுன்னா பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர் இறங்கக் கொஞ்ச நேரம் விடணும்.

முதல் கட்டம்: ரோலர் மேல அழுத்துற கையைத் தூக்கிட்டு டிரிக்கரை அமுக்கணும். வயர் நகராது, ரோலர் மட்டும் சுத்தும். ஒரே சீரா சுத்துதா, நாப் திருப்பினா வேகம் கூடிக் குறையுதான்னு பார்க்கணும். அவன் மெஷின்ல அழகா சுத்துச்சு. அப்போ போர்டு செத்துப் போகல. இங்கேயே தடுமாறினா மோட்டார் கார்பன் பிரஷ், கியர், இல்லைன்னா வேகத்தை மாத்துற நாப்புக்குக் கீழ இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர், இந்த மூணுல தேடணும். பவரை எடுத்துட்டு மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு நாப்பை மெதுவாத் திருப்பினா அளவு சீரா மாறணும். நடுவுல குதிச்சா அதான் கோளாறு. அது கொஞ்ச ரூபாய் பொருள்.

ரெண்டாவது கட்டம்: காண்டாக்ட் டிப்பைக் கழட்டிட்டு, வயரை டார்ச் வழியா விடணும். கேபிளை நேரா நீட்டி வச்சு, 10 செகண்ட் அமுக்கி, வந்த வயரை அளந்து 6-ஆல் பெருக்கினா நிமிஷத்துக்கான வேகம் கிடைக்கும். மூணு தடவை அளந்தோம்: 82, 80, 81 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட 4.9 மீட்டர். நல்லா இருக்கு. இங்க அளவு தாறுமாறா வந்தா நாலு இடம் பார்க்கணும். வயர் சைஸுக்கு ஏத்த பள்ளம் ரோலர்ல இருக்கா (பல ரோலர்ல ஒரு பக்கம் 0.6, மறுபக்கம் 0.8 இருக்கும், திருப்பி மாட்டியிருப்பாங்க). அழுத்தம் சரியா இருக்கா. ஸ்பூல் பிரேக் ரொம்ப இறுக்கமா இருக்கா. லைனருக்குள்ள துருவும் தூசியும் அடைச்சிருக்கா. லைனரை ஏர் கம்ப்ரஸர் வச்சு ஊதினாலே பாதி மெஷின் சரியாகிடும். வயர் நழுவுதுன்னு ரோலரை மேல மேல இறுக்குறது நம்ம ஆளுங்க எல்லாரும் பண்றது. அதனால வயர் நசுங்கி லைனரை இன்னும் அடைக்கும், இல்லைன்னா ரோலர்கிட்டயே குருவிக்கூடு மாதிரி சுருண்டுக்கும்.

மூணாவது கட்டம்: டிப்பை மாட்டி அதே அளவு. 79, 80, 80. டிப்பும் குற்றவாளி இல்ல. டிப் ஓட்டையில ஸ்பாட்டர் ஒட்டியிருந்தாலோ, சைஸ் மாறியிருந்தாலோ இங்க வேகம் விழுந்திருக்கும்.

நாலாவது கட்டம்தான் உண்மையைச் சொல்லுச்சு. லேப் சார் பக்கத்துல நின்னு பார்த்துக்க, மோட்டார் ஒயர்ல மல்டிமீட்டரை மாட்டி வச்சுட்டு நிஜமாவே வெல்டிங் பண்ணிப் பார்த்தோம். சும்மா ஓடும்போது 14 வோல்ட் காட்டின மீட்டர், ஆர்க் பிடிச்ச உடனே 9-க்கு விழுந்துச்சு. விட்டா மறுபடியும் ஏறுச்சு. போர்டு பாவம், தனக்கு வர்ற கரன்ட்டைத்தான் அது கொடுக்க முடியும். இந்த மாதிரி மலிவான மெஷின்ல வயர் மோட்டாருக்கும் தனி சப்ளை கிடையாது. வெல்டிங் பண்ற அதே டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்தே எடுத்திருப்பாங்க. ஆர்க் மொத்தத்தையும் இழுக்கும்போது மோட்டார் பட்டினி.

இப்போ 1920-ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. நோபலோட முறையிலயும் ஆர்க் வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் மெதுவாகும். அது அங்க மருந்து. ஏன்னா அந்தக் காலத்து வெல்டிங் ஜெனரேட்டர்ல வோல்டேஜ் நிலையா நிக்காது, ஆர்க் நீளத்தைக் காப்பாத்த வயர் வேகம்தான் மாறணும். மிக் மெஷின்ல வோல்டேஜ் ஏறக்குறைய நிலையா இருக்கும். ஆர்க் சின்னதானா கரன்ட் தானா கூடி வயரை வேகமா உருக்கிச் சரிக்கட்டிடும். அதனால வயர் ஒரே வேகத்துல வந்தாப் போதும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திருத்தப் பார்த்தா, ஒரு ஸ்டியரிங்கை ரெண்டு டிரைவர் பிடிச்ச கதைதான். வண்டி இடதும் வலதுமா ஆடும். அந்தத் திக்குற சத்தம் அதுதான்.

வைத்தியம் ரெண்டு. ஒண்ணு, வீட்டுல இருந்து கொட்டாய் வரைக்கும் இழுத்திருந்த மெலிசான எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தூக்கிட்டு, தடிமனான ஒயரைக் குட்டையா போட்டான். கொஞ்சம் குறைஞ்சது, முழுசா போகல. ரெண்டாவது, வயர் மோட்டாருக்கு மட்டும் தனியா ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், கெப்பாசிட்டர் போட்டு, டிரிக்கர் அமுக்கும்போது மட்டும் அது வேலை செய்யுற மாதிரி லேப் சார் மேற்பார்வையில இணைச்சோம். அப்புறம் ஆர்க் பிடிச்சாலும் மீட்டர் அசையல. போர்டு விலையில கால்வாசிகூட ஆகல. பழைய போர்டு இன்னும் அதே மெஷின்லதான் ஓடுது. மெயின்ஸ் கரன்ட் வேலை தெரியாதவங்க தனியா இதைச் செய்யாதீங்க, தெரிஞ்ச எலக்ட்ரீஷியனைக் கூட வச்சுக்கோங்க.

இதை எதுக்கு நாயுடு கதைக்கு நடுவுல சொன்னேன்? பழுதுன்னா மாத்துன்னு சொல்ற உலகத்துல, பழுதுன்னா எங்கேன்னு கேட்கிற பழக்கம் எவ்வளவு மதிப்புள்ளதுன்னு காட்டத்தான். அந்தப் பழக்கத்தை வச்சுத்தான் அவர் வாழ்க்கை முழுக்க நடந்திருக்கு. ஆனா அந்தப் பழக்கத்தால சரிபண்ண முடியாத பழுதும் அவர் வாழ்க்கையில வந்துச்சு.

பட்டறையில் சரியாகாத பழுதுகள்

1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் செய்துதர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். சாதாரணக் குடும்பம் கார் வாங்குவதை நினைத்துக்கூடப் பார்க்காத காலம் அது. கார் ஓடியது. ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசாங்கத்தின் உரிமம் கிடைக்கவில்லை. அதோடு நின்றது.

என்ஜின் ஓடவில்லை என்றால் பிரித்துப் பார்க்கலாம். பைல் ஓடவில்லை என்றால் என்ன செய்வது? எதைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம், யார் செய்யலாம் என்று எல்லாவற்றுக்கும் உரிமம் வாங்க வேண்டிய காலத்தில், தனி மனிதரின் பட்டறை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அந்தக் கார் ஒரு அளவுகோல்.

வரி விஷயத்திலும் அவருக்கு அரசாங்கத்தோடு நீண்ட மோதல். அந்தக் கோபத்தில், ஐம்பதுகளில், தான் உருவாக்கிய பொருட்களையே மக்கள் முன்னால் உடைத்துக் காட்டினார். இந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரிச்சு ஒரு நட்டு விடாம மாட்டின கை, தான் செஞ்சதை உடைக்குது. அவர் செஞ்சது சரியா தப்பான்னு அப்பவே ரெண்டு கட்சி இருந்துச்சு. உடைச்சதால உரிமம் வந்துடல. ஆனா செய்யத் தெரிஞ்சவனைச் செய்ய விடலைன்னா என்ன ஆகும்னு எல்லாரும் ஒரு நாளாவது பேசினாங்க. இன்னைக்கு நம்ம ஸ்டார்ட்-அப் செல்லுல உட்கார்ந்து பிட்ச் டெக் தயாரிக்கிற நண்பர்கள் இதையும் சேர்த்து யோசிக்கணும். பொருள் நல்லா இருந்தா மட்டும் போதாது, அதை வெளியே கொண்டுபோற பாதையும் ஒரு டிசைன் பிரச்சினைதான்.

பிரின்சிபால் ஆன மூணாங்கிளாஸ்

1944-ல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பில் இருந்து விலகினார். ஆராய்ச்சி உதவித்தொகை, தொழிலாளர் நலத் திட்டங்கள் என்று கவனம் திரும்பியது. கோவையில் தொழில்நுட்பக் கல்வி வேண்டும் என்று முன்னின்றார். அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும், 1945-ல் ஒரு பொறியியல் கல்லூரியும் வந்தன. அந்தக் கல்லூரிதான் இன்றைக்கு நாம் ஜி.சி.டி. என்று சொல்லும் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கவுன்சலிங்கில் நம்மில் எத்தனை பேர் அதை முதல் சாய்ஸாக வைத்தோம்!

அந்தக் கல்லூரிக்கு அவர் முதல்வராகவும் இருந்தார். மூன்றாம் வகுப்பு படித்தவர், பொறியியல் கல்லூரி முதல்வர். ஆனால் அதிக காலம் இல்லை. நாலு வருடப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, கையில் வேலையைக் கொடுத்துத் தீவிரமாகச் சொல்லித் தந்தால் பாதிக் காலமே போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஏற்கவில்லை. அவர் விலகிவிட்டார்.

இதுல அவர் பக்கம் முழு நியாயமும் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். கூமாப்பட்டி மெஷினையே எடுத்துக்கோங்க. மூணு கட்டத்தைக் கைப்பழக்கம் இருக்கிற பட்டறை அண்ணன் யாரும் நம்மளவிட வேகமா முடிச்சிருப்பார். நாலாவது கட்டத்துல ரெண்டு திருத்தம் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுதுன்னு புரிஞ்சதுக்கு, தூக்கம் வந்தாலும் உட்கார்ந்து கேட்ட கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் கிளாஸும் ஒரு காரணம். அதே நேரம், அந்தக் கிளாஸை மட்டும் கேட்டுட்டு ஒரு ரோலரைக்கூடத் தொட்டுப் பார்க்காம இருந்திருந்தா, போர்டுக்குக் காசு கட்டிட்டு வந்திருப்போம். அவர் கேட்டது காலக்கணக்கு மாதிரி தெரிஞ்சாலும், உள்ளே இருந்த கேள்வி வேற: கையும் புத்தகமும் எத்தனை மணி நேரம் ஒண்ணா இருக்கு? நம்ம டைம்டேபிளை எடுத்து லேப் ஹவர்ஸை எண்ணிப் பாருங்க. அந்த லேப்ல ரெக்கார்டு எழுதின நேரத்தையும் கழிச்சுப் பாருங்க.

கடைசி வருஷங்கள்

மெஷினோடு மட்டும் நிற்கவில்லை. விவசாயத்திலும் சோதனைகள் செய்தார். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த பருத்திச் செடி, பெரிய கதிர் விட்ட சோளம், பப்பாளி என்று அவர் தோட்டத்தைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். விஞ்ஞானி சி.வி. ராமன் அவரை வியந்து பாராட்டியவர்களில் ஒருவர். மக்கள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தொழில் கண்காட்சி ஒன்றையும் கோவையில் அமைத்தார். 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

அவினாசி ரோட்டில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தை இன்றும் பார்க்கலாம். பக்கத்திலேயே பழைய கார்களின் அருங்காட்சியகமும் உண்டு. இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு ஊட்டியை மட்டும் கேட்காம, போற வழியில அங்கயும் ரெண்டு மணி நேரம் நிறுத்தச் சொல்லி நம்ம ரெப் எழுதிக் கொடுக்கலாம்.

அவர் விட்டுட்டுப் போன பொருள்ல பல இன்னைக்குப் பழசு. வால்வு ரேடியோ யாருக்கும் வேண்டாம். ஆனா வெல்டிங் மெஷின், மிக்ஸி, பம்ப்செட், ஃபேன்னு நம்ம வீட்டு மூலையில எதாவது ஒண்ணு கிடக்கும். இந்த லீவுக்கு ஊருக்குப் போனா அதை வெளியே எடுங்க. பிளக்கைப் பிடுங்குங்க. பழைய நியூஸ்பேப்பரை விரிச்சு, கழட்டுற ஒவ்வொண்ணையும் வரிசையா வச்சு, போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. ஒரு கட்டத்துக்கு ஒரு பொருள் மட்டும் சேர்த்துப் பாருங்க. அளந்ததை எழுதி வையுங்க. சரியானா எங்களுக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடுறோம். சரியாகலைன்னாலும் அனுப்புங்க. எந்தக் கட்டம் வரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாப் போதும், அடுத்த கட்டத்தைச் சேர்ந்து பார்ப்போம்.